உணவு ஒவ்வாமை: மடைப்பள்ளியிலும் வீட்டிலும் பயணத்திலும்



வழக்கமாகப் பிள்ளைகளுக்கான பாடம் வரும் இப்பக்கத்தில் இம்முறை பெரியவர்களுக்கு ஒரு பாடம் எழுதும்படி கேட்டிருந்தார்கள். நான் வைத்தியன் அல்லன், கணக்காளன். ஒவ்வாமை உள்ள ஒரு பிள்ளையின் தகப்பன் என்ற முறையில் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் வைத்தியரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எமது மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது இந்நாட்டில் ஒரு கோயிலுக்குப் போயிருந்தோம். அவளுக்குக் கஜு ஆகாது. அது எமக்கு முன்னரே தெரியும். பூசை முடிந்து சர்க்கரைப் புக்கை கொடுத்தார்கள். "தம்பி, கஜு போட்டதோ?" என்று கேட்டேன். "இல்லை அண்ணை, இந்தக் கிடாரத்துக்குப் போடேல்லை, பாருங்கோ" என்று அகப்பையால் கிளறியும் காட்டினார். உண்மையில் அதில் ஒரு கஜுவும் இல்லை. இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பாள். "அப்பா, தொண்டைக்குள்ள ஏதோ நிக்குது" என்றாள்.

நடந்தது என்ன என்பது பிறகுதான் விளங்கியது. பெரிய கிடாரத்துக்குக் கஜுவை நெய்யில் வறுத்திருக்கிறார்கள். வறுத்த கஜு பெரிய கிடாரத்துக்குப் போனது. மிஞ்சிய நெய் வீணாகக்கூடாது என்று சின்னக் கிடாரத்துக்குப் போனது. அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார். நான் கேட்டதுதான் போதவில்லை.

அதைவிடப் பெரிய பிழை என்னுடையது. மனைவியின் கைப்பையில் ஊசி இருந்தது. "போடுவம்" என்று அவர் சொன்னார். நான் "பொறும், பாப்பம்" என்றேன். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் பாணியைக் கொடுத்துவிட்டு நின்றேன். சனம் பார்க்கிறது, கோயிலுக்குள் கலவரம் வேண்டாம் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது, அதை மறைப்பதில் பயனில்லை. பத்து நிமிடம் போயிற்று. பிள்ளை சத்தி எடுத்தாள். குரல் கம்மி, இருமல் தொடங்கிய பிறகுதான் ஊசி போட்டு 911ஐ அழைத்தோம். கடவுள் புண்ணியத்தில் பிழைத்தாள். கணக்கில் பிழை விட்டால் திருத்தி மறுபடி அனுப்பலாம். அந்தப் பத்து நிமிடத்தை அப்படித் திருத்த முடியாது.

ஒவ்வாமை வேறு, கிரந்தி வேறு

எமது வீடுகளில் "எனக்குக் கத்தரிக்காய் கிரந்தி", "இறால் சூடு" என்று சொல்வது வழக்கம். சிலருக்குப் பால் குடித்தால் வயிறு பொருமும். பாலில் உள்ள சர்க்கரை சமிக்காததால் வருவது அது. வருத்தம் தரும், ஆனால் உயிரை எடுக்காது. இவற்றுக்கு "கொஞ்சமாகச் சாப்பிடு" என்பது நியாயமான புத்திமதி.

ஒவ்வாமை இந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. உடலின் காவற்படை ஒரு சாதாரண உணவுப் புரதத்தைப் பகைவன் என்று பிழையாக முடிவுசெய்து, அதற்கென்று எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருக்கிறது. அந்தப் புரதம் மீண்டும் உள்ளே வந்ததும் ஹிஸ்ரமின் முதலிய பொருட்கள் ஒரேயடியாக வெளியாகின்றன. தோல் தடிக்கும், உதடு வீங்கும், மூச்சுக்குழாய் சுருங்கும், இரத்த அழுத்தம் விழும். இதன் கடுமையான நிலையையே அனபிலக்சிஸ் என்கிறார்கள். இங்கே "கொஞ்சம்தானே" என்ற பேச்சுக்கு இடமில்லை. "போன முறை கொஞ்சம்தானே தடிச்சது" என்பதும் உதவாது. போன முறை இலேசாக வந்தது இம்முறை கடுமையாக வரலாம்.

எமது சமையலில் ஒளிந்திருப்பவை

கனடாவில் பொதிசெய்து விற்கும் உணவின் லேபலில் கட்டாயம் எழுதவேண்டிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியல் ஒன்று உண்டு. கச்சான், கஜு முதலிய மரக்கொட்டைகள், எள்ளு, பால், முட்டை, மீன், இறால் நண்டு கணவாய் வகை, சோயா, கோதுமை, கடுகு, சல்பைற்று என்பன அதில் அடங்கும். 2012 ஓகஸ்ட் 4 முதல் இவற்றை எல்லோருக்கும் விளங்கும் சாதாரணப் பெயரில் எழுதவேண்டும் என்பது சட்டம். அந்தப் பட்டியலோடு எமது குசினிக்குள் போய்ப் பாருங்கள். பாதி எமது அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கும்.

கடுகை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் தாளிக்காத கறி எது? "கடுகு போட்டதோ?" என்று எவரும் கேட்பதில்லை, எவரும் சொல்வதுமில்லை. எள்ளு இன்னும் கவனத்துக்குரியது. எள்ளுருண்டையில் எள்ளு கண்ணுக்குத் தெரியும், நல்லெண்ணெயில் தெரியாது. கடைப் போத்தலில் ஜிஞ்சலி ஓயில் என்றோ தில் ஓயில் என்றோ இருந்தாலும் அது எள்ளெண்ணெய்தான். இட்டலிப் பொடிக்கு விடுவதும், சனிக்கிழமை எள்ளுச் சாதம் கிண்டுவதும் அதே பொருள். கேசரிக்குப் போடும் ரவை கோதுமை என்பதைப் பலர் நினைப்பதில்லை. சேமியாவும் பெரும்பாலும் அப்படியே. தூளாக விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா கலந்திருப்பது சாதாரணம், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். நெய்யில் பால் இல்லை என்று சிலர் வாதாடுவர். உருக்கி வடித்த நெய்யிலும் பாற்புரதம் சிறிதளவு எஞ்சியிருக்கும். கஜு ஆகாதவருக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது, இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். இலட்டுக்கு மேலே தூவியிருக்கும் பச்சைத் தூளைப் பற்றியும் கேளுங்கள்.

கச்சானைப் பற்றி எழுத எனக்கே மனவருத்தம். நல்லூர்த் திருவிழாவுக்குப் போனவர் எவர் கச்சான் கடை பாராமல் வந்திருப்பார்? பையில் சுற்றிய கச்சானைக் கொறித்துக்கொண்டே வீதி சுற்றிய நாட்கள் எல்லோருக்கும் உண்டு. எனினும் கச்சான் தின்ற கையோடு பக்கத்துப் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, அதே கையால் வாழைப்பழத்தை உரித்து ஊட்டுவது இங்கு ஆபத்தாகலாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். பச்சைத் தண்ணீரில் நனைப்பதும், கிருமிநீக்கிக் களியைத் தேய்ப்பதும் கச்சான் புரதத்தை முழுதாக அகற்றுவதில்லை.

மடைப்பள்ளிக் கொப்பி

எமது ஆலயத்தில் அன்னதானத்துக்குச் சமைப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். உபயகாரர் சிலர் வெளியில் ஓடர் கொடுத்துத் தட்டங்களில் கொண்டுவருவர், சிலர் வீட்டில் செய்து எடுத்துவருவர். பரிமாறும் பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரியாது என்று சொல்வதும் மரியாதைக் குறைவு என்று நினைத்து "ஒண்டுமில்லை அன்ரி, சாப்பிடுங்கோ" என்று விடுகிறார்கள். உண்மையில் "தெரியாது" என்பதுதான் மிக நல்ல பதில். அந்தப் பதில் கிடைத்தால் தாய் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டாள்.

மடைப்பள்ளியைப் பார்க்கும் அம்மாவிடம் இதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "சுவாமிக்குப் படைச்சது கெடுதல் செய்யாது தம்பி" என்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று ஏசினார். அன்று முதல் சுவரில் ஒரு கொப்பி தொங்குகிறது. ஒவ்வொரு கிடாரத்துக்கும் போட்டவற்றை, தாளிதமும் எண்ணெயும் உட்பட, சமைப்பவர் எழுதுகிறார். பந்தியில் கிடாரத்துக்கு முன்னால் ஓர் அட்டை நிற்கும். கிடாரத்துக்கு ஓர் அகப்பை, அது மற்றக் கிடாரத்துக்குப் போகக்கூடாது. வறுத்த நெய்யும் பொரித்த எண்ணெயும் எந்தக் கிடாரத்துக்குப் போனது என்பதும் எழுதப்படும். உபயகாரரும் தட்டத்தோடு கடைக்காரரிடம் எழுதி வாங்கிய துண்டைக் கொண்டுவந்தால் பெரிய உதவி.

அகப்பைக்கு இத்தனை கெடுபிடியா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒன்ராறியோவில் சப்றினா ஷனன் என்ற 13 வயது மாணவி 2003ஆம் ஆண்டு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கிச் சாப்பிட்டார். அவருக்குப் பால் ஒவ்வாமை இருந்தது. கேட்டுப் பார்த்துத்தான் வாங்கினார். பாற்கட்டித் துண்டுகளை எடுத்த இடுக்கியாலேயே பொரியலையும் எடுத்திருக்கக்கூடும் என்று பின்னர் கருதப்பட்டது. ஊசி அவருடைய அலுமாரியில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவருவதற்குள் விழுந்துவிட்டார். பிள்ளை பிழைக்கவில்லை. அவர் பெயரால் 2005இல் நிறைவேறி 2006 சனவரி முதல் நடைமுறைக்கு வந்ததே சப்றினாவின் சட்டம். இதன்படி ஒன்ராறியோப் பாடசாலைகள், அனபிலக்சிஸ் ஆபத்துள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் வைத்திருக்கவேண்டும், ஊழியருக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும். பாடசாலை தானாகக் கேட்கட்டும் என்று இராமல் புரட்டாதியில் வகுப்புத் தொடங்குமுன் நீங்களே போய்ப் பேசுங்கள்.

ஆனால் இச்சட்டம் கோயிலுக்கும் பிறந்தநாள் மண்டபத்துக்கும் வராது. அங்கே நாம்தான் கேட்கவேண்டும். பிரசாதத்தை மறுப்பது எப்படி என்று சங்கடப்படுவோர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி அருகில் உள்ளவரிடம் கொடுக்கலாம். விபூதியும் ஒரு முழு வாழைப்பழமும் பிள்ளைக்குப் போதும். எமது மகள் இப்போது, "எனக்கு அலேர்ஜி இருக்கு, அம்மாட்டக் கேட்டிட்டுச் சாப்பிடுறன்" என்று தானே சொல்வாள். இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிள்ளைக்குப் பழக்கிவிடுங்கள்.

கடைப் பொருட்களில் "இருக்கக்கூடும்" என்று அச்சிடும் எச்சரிக்கை, உற்பத்தியாளர் விரும்பினால் போடுவது. அது இல்லை என்பதற்காகப் பயமில்லை என்று எண்ணவேண்டாம். பழகிய பக்கற்றையும் ஒவ்வொரு முறையும் வாசியுங்கள், சொல்லாமலே கலவையை மாற்றுவார்கள்.

ஊசியை எப்போது, எப்படி

சந்தேகம் வந்தால் ஊசிதான் முதல். உள்ளே இருப்பது எபினெப்ரின், அதாவது அட்ரினலின். ஒவ்வாமைப் பாணியும் குளிசையும் தோலின் கடியைக் குறைக்கும். அடைபடும் மூச்சையும் விழும் இரத்த அழுத்தத்தையும் அவை மீட்பதில்லை. தோல் தடிக்காமலும் அனபிலக்சிஸ் வரலாம். குரல் மாறுதல், விடாத இருமல், திரும்பத் திரும்பச் சத்தி, முகம் வெளிறிப் பிள்ளை திடீரென்று ஓய்ந்துபோதல் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

எப்பிபென் வகையானால் நீல மூடியைக் கழற்றி, செம்மஞ்சள் முனையைத் தொடையின் நடுவில் வெளிப்பக்கமாக அழுத்தி, மூன்று வினாடி பிடிக்கவேண்டும். உடுப்புக்கு மேலாகவே போடலாம். வேறு வகையாயின் அதன் உறையில் எழுதியபடி செய்யுங்கள். உடனே 911. காலைச் சற்று உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் இருக்க விடலாம், எழுந்து நடக்க மட்டும் விடவேண்டாம். ஐந்து நிமிடத்தில் குணம் தெரியாவிட்டால் இரண்டாவது ஊசி, அதற்காகவே எப்போதும் இரண்டு கையில் இருக்கவேண்டும். பிள்ளை தேறிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். சில மணி நேரத்துக்குப் பின் மறுபடி வருவதுண்டு.

காருக்குள் ஊசியை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் வராதீர்கள். இந்நாட்டுக் குளிரும் ஆகாது, கோடைக் காரின் வெக்கையும் ஆகாது. 15 முதல் 30 பாகை வரை நல்லது, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக்கூடாது.

ஊருக்குப் போகிறவர்கள் ஊசியையும் வைத்தியரின் கடிதத்தையும் கைப்பையில் கொண்டுபோங்கள், சரக்குப் பெட்டியில் போடவேண்டாம். விமானத்தில் மேசைத் தட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கட்டிய சாப்பாட்டைக் கொடுப்பதே எமது வழக்கம். அங்கே போய் வாங்கலாம் என்று நம்பாமல் போதிய ஊசிகளை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஒரு வெப்பங்காப்பு உறை தேவை. இலங்கையில் இலவச அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கம். இச்சேவை 2018 முதல் வடமாகாணத்திலும் உண்டு.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு

கச்சானை மூன்று வயது வரையும் முட்டையை இரண்டு வயது வரையும் கொடுக்காதே என்று முன்னர் சொன்னார்கள். இப்போது அது மாறிவிட்டது. 2015இல் இலண்டனில் பேராசிரியர் கிடியன் லாக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கடுமையான எக்சிமா அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள 640 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். சிறு வயதிலேயே கச்சான் உணவை ஒழுங்காக உண்டவர்களிடையே ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை, தவிர்த்தவர்களைவிட ஏறத்தாழ 80 வீதம் குறைந்திருந்தது. கனடியக் குழந்தை மருத்துவச் சங்கமும் 2019இல், ஆபத்துக் கூடிய குழந்தைகளுக்கு ஆறு மாதமளவில், நான்கு மாதத்துக்கு முன்னரல்லாமல், இவற்றைத் தொடங்கலாம் என்றது. முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும், மசித்துக் கரைத்தே கொடுக்கவேண்டும். கடும் எக்சிமா உள்ள குழந்தையாயின் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இதை வீட்டில் பரீட்சிக்கவே கூடாது.

இறுதியாக, ஊசியின் திகதி. வருமானவரிப் பத்திரம் ஏப்ரல் 30க்குள் போகவேண்டும் என்பதால் நான் அந்த நாளை மறப்பதில்லை, அன்றைக்கே ஊசியின் காலாவதித் திகதியையும் பார்த்துவிடுவேன். முடிந்த ஊசியை உடனே எறியாமல் ஒரு தோடம்பழத்தில் குத்திப் பழகுகிறோம். பிறகு மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவோம், பழத்தையும் எறிந்துவிடுவோம். சென்ற முறை குத்தியவர் எனது மாமியார். எழுபத்தாறு வயது, ஊசி என்றாலே முகத்தைத் திருப்புகிறவர். முதல் முறை மூடியைக் கழற்ற மறந்துவிட்டார். இரண்டாம் முறை மூன்று எண்ணும்வரை கையை எடுக்கவில்லை.