லூப்பஸ் நோயும் மறதியும்

உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே அவ்வுடலைப் பகையென மயங்கித் தாக்குவது லூப்பஸ் என்னும் நோயாம். தோல், மூட்டு, சிறுநீரகங்களையன்றி மூளையையும் இது வருத்தும். நோயாளருட் சிலர் படித்ததை மறப்பர். சொல் தேடித் தடுமாறுவர்.

இதற்குக் காரணம் யாதோ? இந்நோயாளரின் குருதியில் டி.என்.ஏ.வைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் உண்டு. அவற்றுட் சில, நினைவுக்கு உதவும் நரம்பணு ஏற்பிகளையும் பற்றுமென்று 2001-இல் பெட்டி டயமண்ட் அம்மையாரும் உடனாய்வாளரும் காட்டினர். ஆயினும், குருதிக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்புக் குலைந்தாலன்றி அவை தீங்கு செய்யா என்பது எலிச் சோதனைகளால் விளங்கிற்று. ஆதலின் குருதிச் சோதனை ஒன்றைக்கொண்டே மூளையின் நிலையைத் துணிதல் இயலாது; நினைவையும் கவனத்தையும் தனியே சோதித்தல் வேண்டும்.

நம்முடன் பயில்வோர் இந்நோயால் மறதியுறின், அதனைச் சோம்பலென்று இகழாதிருப்போமாக.