காசநோய் மாத்திரையும் வீட்டாரின் கவனமும்

காசநோய்க்கு மருந்துண்ணத் தொடங்கியவுடன் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போவதைக் கண்டு அஞ்சி, மாத்திரைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறவர்கள் உண்டு. கண்ணின் வெண்பகுதி மஞ்சளாக மாறிய பின்னரும், வீரியமான மருந்தென்றால் அப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டு நாள் தவறாமல் விழுங்குகிறவர்களும் உண்டு. முன்னவரின் அச்சம் தேவையற்றது; பின்னவரின் பொறுமையோ உயிருக்கே கேடு. இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பதை இங்குக் காண்போம்.

கோலாலம்பூர் செராஸ் வட்டாரத்தில் 1950-களில் காசநோயாளருக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. 1952 முதல் 1954 வரை மலாயாவின் ஹைகமிஷனராக இருந்த சர் ஜெரால்டு டெம்ப்ளரின் துணைவியார் பெயரால் அது லேடி டெம்ப்ளர் மருத்துவமனை எனப்பட்டது. அந்நாளில் காசநோய் என்றால் மாதக்கணக்கில் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்க வேண்டும். நோயாளிக்கு அது துன்பந்தான். எனினும் அதில் ஒரு காப்பும் இருந்தது. மருந்து கொடுப்பவரும், அது உடலில் செய்யும் மாற்றத்தைக் கவனிப்பவரும் பயிற்சி பெற்ற தாதியரே. கண் மஞ்சளானால் நோயாளி உணருமுன் தாதி கண்டுவிடுவார்.

இந்நிலை மாறக் காரணமான ஆய்வு சென்னையில் நடந்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து அங்கு ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை அமைத்தன. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினர் நல்லுணவும் ஓய்வும் கிடைக்கும் சானடோரியத்திலும், மற்றவர் நெருக்கடியான தம் எளிய வீடுகளிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்தை உண்டனர். 1959-இல் முடிவுகள் வெளியாயின. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டில் தங்கியவர்களால் குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவது மிகுந்துவிடவும் இல்லை. நோயைத் தீர்ப்பது கட்டிலன்று, மருந்தே என்பது அதனால் தெளிவாயிற்று.

நம் நாட்டில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961-இல் தொடங்கியது. இன்று செராஸின் அடுக்குமாடி வீட்டில் வாழ்பவராயினும் தோட்டத்து லயத்தில் வாழ்பவராயினும், பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடியே சிகிச்சை பெறுகின்றனர். சுகாதார ஊழியரின் கண்முன்னே மாத்திரை விழுங்கும் ஏற்பாடு இருப்பினும், அது நாளில் சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் தாதியின் வேலை மனைவிக்கோ மகனுக்கோ வந்து சேர்கிறது. அவ்வேலையை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தோமா என்பதே கேள்வி.

வழக்கமான சிகிச்சையின் காலம் ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்பியூட்டால் என்னும் நான்கு மருந்துகள். பெரும்பாலும் இவை ஒரே மாத்திரையில் அடங்கியிருக்கும். அடுத்த நான்கு மாதம் முதலிரண்டு மட்டும். ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால், அதற்கு அடங்காத கிருமிகள் பிழைத்துப் பெருகிவிடும், ஆதலால்தான் இக்கூட்டு. உணவுக்கு ஒரு மணி முன்போ, உண்டு இரண்டு மணி கழித்தோ, அன்றைய மாத்திரைகள் முழுவதையும் ஒரே வேளையில் உட்கொள்ளுதல் முறை. குமட்டல் பொறுக்க முடியவில்லையெனில் நேரத்தை மாற்றலாமா, சிறிது உணவுடன் உண்ணலாமா என்று கிளினிக்கில் கேட்க வேண்டும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்கலாகாது.

இனிச் சிறுநீரின் நிறம். ரிஃபாம்பிசின் இயல்பாகவே செங்கல் நிறமுடைய பொருள். அது உடலை விட்டு வெளியேறும்போது சிறுநீர், வியர்வை, கண்ணீர் ஆகியவற்றில் தன் சாயலைக் காட்டுகிறது. வெள்ளைச் சட்டையிலும் கண்ணில் அணியும் மென்வில்லையிலும் கறை படியலாம். இதில் தீங்கில்லை. சொல்லப்போனால், நிறமே மாறாத நோயாளியைத்தான் தாதி ஐயத்தோடு பார்ப்பார். அக்காலச் சென்னை ஆய்வாளர்களும் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணியும், சிறுநீரைச் சோதித்தும், மருந்து உண்மையில் உள்ளே சென்றதா என்று பார்த்தவர்களே.

ஆனால் செம்மஞ்சள் வேறு, கடுந்தேநீர் நிறம் வேறு. சிறுநீர் கறுத்த தேநீர் போலாகி, கண்வெண்மை மஞ்சளாகி, பசியற்று, வாந்தி ஓயாமல், வலப்பக்க விலாவின் கீழ் வலித்தால், ஈரல் தாக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் ஆகிய மூன்றும் ஈரலைத் தாக்கக்கூடியவை. மஞ்சள் தோன்றும்வரை காத்திராமல், காரணமற்ற சோர்வும் வாந்தியும் தொடரும்போதே, அடுத்த வேளை மாத்திரையை விழுங்குமுன் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒரு வாரம் கழிப்பதற்கு இது காலமன்று. மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, தேவையானால் மருந்துகளை நிறுத்துவார். ஈரல் தேறியபின் ஒவ்வொன்றாக மீண்டும் கொடுத்து, எது ஒவ்வாதது என்று கண்டுபிடிப்பார். நிறுத்தம் என்பது கைவிடுதல் அன்று. சாராயமும் கள்ளும் அருந்துவோருக்கு இவ்வாபத்து மிகுதி. ஆறு மாதமும் அவற்றை அறவே விலக்க வேண்டும்.

எத்தாம்பியூட்டால் அரிதாகப் பார்வை நரம்பைத் தாக்கும். முதலில் கெடுவது பெரும்பாலும் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறனே. அல்லது எழுத்துகள் மங்கும். இதற்கு வீட்டிலேயே எளிய சோதனை உண்டு. சுவரில் தொங்கும் நாள்காட்டியின் சிவப்பு எண்களைத் தினமும் ஒரே தூரத்தில் நின்று, ஒரு கண்ணை மூடி மறு கண்ணாலும், பிறகு மாற்றியும் பார்க்கட்டும். நேற்றுப் பளிச்சென்று தெரிந்த சிவப்பு இன்று வெளிறித் தோன்றினால், அம்மாத்திரையை மேலும் உண்ணாமல் அன்றே கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். உடனே நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் மீளும். தாமதித்தால் மீளாமலும் போகலாம்.

பாதம் எரிதல், விரல் மரத்தல் ஆகியவை ஐசோனியாசிட்டின் வேலை. இம்மருந்தைச் சிதைக்கும் வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். மெதுவாகச் சிதைப்போர் தென்னிந்தியரிடையே பாதிக்கு மேல். அதனால் இது நம்மவர் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி. சிறிதளவு வைட்டமின் பி6 இதைத் தடுக்கும் என்பதை 1960-களில் அதே சென்னை மையம் காட்டியது. கூடவே தரப்படும் அச்சிறு மாத்திரையை வெறும் சத்து மாத்திரை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நீரிழிவு உள்ளவர், கருவுற்றவர், மெலிந்தவர் ஆகியோருக்கு அது மிகவும் தேவை. மூட்டுவலி பெரும்பாலும் பைராசினமைட்டால் வருவது; மருத்துவரிடம் சொன்னால் அதற்கு வழியுண்டு. இலேசான அரிப்பையும் அவ்வாறே சமாளிக்கலாம். காய்ச்சலுடன் தோல் கொப்பளித்து, வாயும் புண்ணானால் மட்டும் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்ற மருந்துகளையும் மறைக்கலாகாது. ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைத்துவிடும்; வேறு முறை கேட்டறிய வேண்டும். நீரிழிவு மாத்திரைகள் சிலவற்றையும், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் வார்ஃபரினையும் அது வலுவிழக்கச் செய்யும். வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கும் மருந்து ஐசோனியாசிட் உடலில் சேர்வதைக் குறைக்கலாம். சூரை மீன் உண்டபின் முகம் சிவந்து நெஞ்சு படபடப்பதும் சிலருக்கு உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு மாதம் முடிந்து, சளிச் சோதனையும் தேறினால், மாத்திரைகள் குறையும். மருந்து மாறிவிட்டதென்று குழம்ப வேண்டாம். நோய் தீர்ந்துவிட்டதென்றும் எண்ண வேண்டாம். எத்தாம்பியூட்டால் நின்றதும் நாள்காட்டிச் சோதனை முடிவடைகிறது. கண்வெண்மையைப் பார்க்கும் வேலை மட்டும் தொடரும். சிறுநீரின் செம்மஞ்சள் நிறமும் கடைசி மாத்திரை வரை இருக்கும்.