கலையும் குடிமையும்

உண்ண உணவும் உடுக்க உடையும் இல்லாதவனுக்கு ஓவியத்தால் ஆவதென்ன என்று வினவுவார் உளர். இவ்வினாவிற்குத் தம் வாழ்நாள் உழைப்பால் விடை தந்தவர் ஓவியர் நந்தலால் போஸ்.

கவியரசர் இரவீந்திரநாத தாகூர் வங்கத்துச் சாந்திநிகேதனத்தில் 1919ஆம் ஆண்டு கலாபவனத்தைத் தோற்றுவித்தார். 1921இல் விசுவபாரதி எழுந்தது. கலாபவனத்தின் தலைமையை ஏற்ற நந்தலால், மாணவரைச் சந்தால் மக்களின் சிற்றூர்களுக்கு அழைத்துச் சென்றார். மெழுகிய மண்சுவரிலும் உழைப்போர் நடையிலும் அழகைக் காணப் பழக்கினார். விழா நாட்களில் முற்றமெங்கும் ஆல்பனா எழுதுவர். நம் பெண்டிர் இடும் கோலத்திற்கு அது தங்கை எனலாம். ஓவியர் ஆவோர்க்கு மட்டுமன்றிக் கல்வி பயில்வோர் அனைவர்க்கும் கலைநுகர்ச்சி வேண்டும். பல்கலைக்கழகங்கள் அதற்கு இடந்தருதல் வேண்டும் என்பது அவர்தம் உறுதியான கொள்கை.

1938ஆம் ஆண்டில் குசராத்து நாட்டு அரிபுரா என்னும் சிற்றூரில் காங்கிரசு மாநாடு கூடிற்று. வழிச்செல்லும் நாட்டுப்புற மக்கள் கண்டு மகிழுமாறு ஓவியங்கள் அமைய வேண்டும் என்று காந்தியடிகள் விரும்பினார். நந்தலால் மன்னரையும் மாவீரரையும் வரைந்தாரல்லர். செருப்புத் தைப்பவர், பறை கொட்டுபவர், தச்சர், நெல் குற்றும் பெண்டிர் ஆகியோரையே தீட்டினார். மாநாடு காண வந்த உழவர் அங்கே தம்மைப் போன்றவரையே கண்டனர். தாமும் இந்நாட்டிற்கு உரியவரே என்பதை இதனினும் தெளிவாக அவர்க்கு யார் உணர்த்தக் கூடும்?

பின்னர், விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியலமைப்பு நூலை அணி செய்யும் பணி இவரையே நாடி வந்தது. பிரேம் பிகாரி நாராயண் ராய்சாதா கையால் எழுதிய ஆங்கிலப் படியின் பக்கங்களை நந்தலாலும் அவர்தம் மாணவரும் ஓவியங்களால் அழகுபடுத்தினர். முகவுரைப் பக்கத்தை ஒப்பனை செய்தவர் அவர் மாணவராகிய பியோகர் ராம்மனோகர் சின்கா. மொகஞ்சதாரோ முத்திரையும், மாமல்லபுரத்துச் சிற்பமும், காந்தியடிகளின் தண்டி யாத்திரையும் அந்நூலில் இடம்பெற்றன. அரசியல் நிருணய சபையினர் 1950 சனவரி 24ஆம் நாள் அதில் கையொப்பமிட்டனர்.

ஆயினும் கல்வி அன்று அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக எண்ணப்படவில்லை. அரசு முயன்று அளிக்க வேண்டிய கடமையாகவே கூறப்பட்டது. 2002ஆம் ஆண்டுத் திருத்தமே ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள சிறார்க்கு அதனை உரிமையாக்கிற்று. அதன்வழி இயற்றப்பட்ட 2009ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு மாணவர்க்கு மேல் பயிலும் பள்ளிகளில் கலைக்கல்விக்கெனப் பகுதிநேர ஆசிரியர் இருத்தல் வேண்டும் என்று விதித்துள்ளது.