உண்ட சோறு உடலிற் சேரும் வகை

விதைப்பு முதற் சூடடிப்பு வரை நெல்லின் ஒவ்வொரு பருவத்தையும் கமக்காரர் நன்கறிவர். அந்நெல் சோறாகி வாய்க்குட் சென்றபின் நிகழ்வதையும் அறிந்திருத்தல் நன்று. எந்த அரிசியை வீட்டுக்கு வைத்துக்கொள்வது என்னுந் தீர்மானம் அதனைப் பொறுத்ததாகும்.

சோற்றின் பெரும்பகுதி மாப்பொருள். அதனை உடல் அவ்வாறே ஏற்றுக்கொள்ளமாட்டாது. சிறிய வெல்லங்களாக உடைத்தல் வேண்டும். இத்தொழில் வாயிலேயே தொடங்குகின்றது. வெறுஞ் சோற்றைச் சிறிதுநேரம் மென்றால் இனிப்புத் தோன்றுவதை எவரும் சோதித்தறியலாம். உமிழ்நீரிலுள்ள நொதியம் மாப்பொருளை வெல்லமாக்குவதே அதன் காரணம். இரைப்பையின் அமிலம் இவ்வேலையைத் தடைசெய்யும். அங்கே சமிபாடடையத் தொடங்குவது மீன், பருப்பு ஆகியவற்றின் புரதமே. எஞ்சிய மாப்பொருள் ஏறத்தாழ 6 மீற்றர் நீளமான சிறுகுடலை அடைந்ததும், சதையியிலிருந்து வரும் நீரும் குடற்சுவரின் நொதியங்களும் அதனைக் குளுக்கோசாக்குகின்றன. நாற்றுமேடையில் நெருங்கி நிற்கும் நாற்றுக்களைப்போற் குடலின் உட்புறமெங்கும் நிற்குஞ் சடைமுளைகள் அதனை உறிஞ்சி இரத்தத்திற் சேர்க்கின்றன. சமிபாடடையாத நார்ப்பொருள் பெருங்குடலுக்குச் செல்லும்.

எனினும், குளுக்கோசு இரத்தத்திற் சேர்ந்ததனால் மாத்திரம் உடலுக்கு வலிமை வந்துவிடாது. அதனைச் சக்தியாக மாற்றுவதற்குத் தயமின் என்னும் விற்றமின் பீ1 வேண்டும். நெல்மணியில் இது பெரும்பாலுந் தவிட்டிலும் முளையிலுமே உண்டு. அரிசியை வெள்ளைவெளேரெனத் தீட்டுவோர் அதனைக் கோழிக்குக் கொடுத்துவிட்டுத் தாம் வெறும் மாப்பொருளை உண்கின்றனர். 1890ஆம் ஆண்டுகளிற் சாவகத்தீவின் பத்தாவியா நகரில் ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தீட்டாத அரிசி கொடுத்தபொழுது அவை தேறுவதையும் கண்டார். மனிதருக்கு வரும் பெரிபெரி நோயும் இக்குறைபாட்டினால் உண்டாவதே. 1929இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்பொழுது தயமின் தவிட்டிலிருந்து மணியினுட் சென்று படிகின்றது. ஆகவே புழுங்கலரிசியைத் தீட்டினாலும் அதில் ஒரு பகுதி எஞ்சும். பச்சையரிசியையே விரும்புவோர் தவிடு முற்றாக நீங்காவண்ணங் குற்றுவித்தல் வேண்டும். தயமின் நீரிற் கரையுமாதலால் அரிசியைப் பலமுறை கழுவலாகாது. வடித்த கஞ்சியை வீணாக ஊற்றிவிடவுங் கூடாது. தவிட்டில் எண்ணெய் இருப்பதனால், அது நீங்காத அரிசி நாட்செல்லச் சிக்குநாற்றம் பெறும். எனவே நெல்லாகவே சேமித்துவைத்து, இரண்டு கிழமைக்குப் போதுமானதை மாத்திரம் அவ்வப்போது குற்றுவித்துக்கொள்க.