கண்ணாடி மீன் தொட்டிக்குச் சம்ப் அமைக்கும் விதம்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் ‘சம்ப்’ என்றால் வீட்டு வாசலில் தண்ணீர் தேக்கும் நிலத்தடித் தொட்டி என்றே பொருள்படும். அலங்கார மீன் வளர்ப்போர் அப்பெயரால் வழங்குவது வேறு. அது கண்ணாடித் தொட்டியின் கீழ், தாங்கு மேஜைக்குள் வைக்கப்படும் இரண்டாவது தொட்டியாகும். மேல் தொட்டியில் விளிம்பு தட்டும் ஜலம் குழாய் வழியே தானாக இறங்கி, கீழே சுத்தியடைந்து, சிறு மின்சாரப் பம்பினால் மீண்டும் மேலே ஏற்றப்படுகிறது.

ஜலத்தைத் தெளிவாக்குவதே இதன் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் தெளிந்த ஜலத்திலும் மீன் மடியும். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியிடுகிறது; மிஞ்சிய தீனி அழுகுவதாலும் அதுவே உண்டாகிறது. அதற்கு நிறம் கிடையாது. தோட்டக்கால் நிலத்தில் அம்மோனியம் சல்பேட்டு இடும் குடியானவர்களுக்கு இதன் போக்கு புதிதன்று. மண்ணிலுள்ள கிருமிகள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 1877-ல் பிரான்சு தேசத்து ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை ஜலத்தை மெல்ல இறக்கினர். சுமார் 20 நாள் வரை அம்மோனியா அப்படியே வந்தது. பிறகு நைட்ரேட்டாக மாறி வந்தது. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியவுடன் மாற்றம் நின்றது. இது உயிருள்ள பொருளின் வேலை என்பது அதனால் விளங்கிற்று. மீன் தொட்டியின் சம்பும் அக்குழாயைப் போன்றதே.

சம்பை மூன்று அறைகளாகத் தடுப்பது வழக்கம். முதல் அறையில் அழுக்கைத் தடுக்கும் பஞ்சு. இதை வாரந்தோறும் அலசலாம். நடு அறையில் கிருமிகள் குடியேறுவதற்கான பீங்கான் வளையங்கள், அல்லது நன்கு வெந்து கழுவிய செங்கல் துண்டுகள். இப்பக்கத்தில் கருங்கல் ஜல்லி எளிதில் கிடைப்பதென்னவோ உண்மை. ஆயினும் அதில் நுண்துளைகள் இன்மையால் கிருமிகளுக்கு இடம் போதாது. நடு அறைப் பொருள்களைக் குளோரின் கலந்த குழாய் ஜலத்தில் ஒருபோதும் கழுவலாகாது. தொட்டியிலிருந்து எடுத்த ஜலத்திலேயே இலேசாக அலச வேண்டும். கடைசி அறையில் பம்பு இருக்கும். ஆவியாகும் ஜலத்தின் குறைவு இவ்வறையிலேயே தெரியுமாதலால், அவ்வப்போது நிரப்பி வருதல் அவசியம்.

கிருமிகள் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் செல்லும். ஓசூர் ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலிருப்பதால், மார்கழிக் குளிரில் இன்னும் தாமதமாகும். தொட்டி வாங்கிய அன்றே மீன்களை நிறைய விட்டுப் பத்து நாளில் இழப்பவர் பலர். முதலில் இரண்டொரு மீன்களே போதும்.

மின்சாரம் நிற்கும் வேளையே பெரிய சோதனை. 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள தொட்டி சுமார் 255 லிட்டர் கொள்ளும். பம்பிலிருந்து மேலே செல்லும் குழாயின் வாய் ஜலமட்டத்துக்கு 6 அங்குலம் கீழே அமிழ்ந்திருக்குமானால், பம்பு நின்றதும் ஜலம் அக்குழாய் வழியே பின்னோக்கி இழுபட்டு, 85 லிட்டர் கீழே வந்துவிடும். 2½ அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரமுள்ள சம்பில் 8 அங்குலம் ஜலமிருந்தால், மீதியிடம் 41 லிட்டருக்கே உண்டு; மற்றது தரையில் ஓடும். அக்குழாயில் ஜலமட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளையிட்டால், மட்டம் தாழ்ந்தவுடன் காற்றுப் புகுந்து இழுப்பு அறுந்துபோகும். 1 அங்குலம் இறங்கினாலும் 14 லிட்டரே வரும். சம்பில் 3 அங்குலத்துக்குள் அடங்கும். துளையில் பாசி அடைக்காதபடி மாதமொரு முறை பார்த்தல் வேண்டும். வாரம் ஒரு நாள் பம்பை வேண்டுமென்றே நிறுத்திச் சோதிப்பதும் நன்று. பல மணி நேரம் மின்சாரமில்லாவிடில் பிராணவாயுக் குறைவால் மீனும் கிருமியும் கெடுமாதலால், பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கெலவரப்பள்ளி அணை ஜலத்தைத் தொட்டிக்குக் கொண்டுவருதல் கூடாது. பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுகளுடன் வரும் தென்பெண்ணையாற்று ஜலம் அங்கே நுரை பொங்குவதைப் பலரும் கண்டிருப்பர்.

சம்பு நைட்ரேட்டை நீக்குவதில்லை. ஆகையால் வாரந்தோறும் தொட்டி ஜலத்தில் நாலிலொரு பங்கை இறைத்து, குளோரின் நீங்கிய புது ஜலம் ஊற்ற வேண்டும். இறைத்த ஜலத்தை வீட்டு ரோஜாச் செடிகளுக்கு வார்க்கலாம்.