விழுந்த கருவும் தாயாட்டின் ரத்தமும்

சினையாடுகள் அடுத்தடுத்துக் குட்டி வீசத் தொடங்கினால், தாயின் ரத்தத்தைச் சிறிது எடுத்துப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பிவிட்டாலே காரணம் வெளிப்பட்டுவிடும் என்றும், விழுந்த கருவும் நஞ்சுக்கொடியும் வெறும் அசுத்தமாதலால் அவற்றை நாய்க்குப் போட்டுவிடலாம் என்றும் மந்தை வைத்திருப்போர் பலர் நம்பிவருகிறார்கள். ஒட்டுண்ணியால் நேரும் கருச்சிதைவைப் பொறுத்தமட்டில் இது உண்மைக்கு நேர்விரோதமானது.

நியூஸிலாந்துச் செம்மறி மந்தைகளில் காரணம் விளங்காமல் ‘இரண்டாம் வகைக் கருச்சிதைவு’ என்று எண்ணிட்டு அழைக்கப்பட்டுவந்த நோய்க்கு, டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியே மூலகாரணம் என்று 1957-இல் ஹார்ட்லி, மார்ஷல் என்ற இருவர் நிறுவினார்கள். அந்நோயின் விசேஷ அடையாளம் இருப்பது நஞ்சுக்கொடியில்தான். அதை நீரில் அலசி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால், அதிலுள்ள கருஞ்சிவப்பான குமிழ்களின் மேல் ரவையைத் தூவியதுபோல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள வெண்புள்ளிகள் தென்படும். குமிழ்களுக்கு இடைப்பட்ட சவ்வோ பெரும்பாலும் மாசற்றிருக்கும். கிளமிடியா என்னும் நுண்ணுயிரால் வரும் சிதைவில் அந்தச் சவ்வே தடித்துப்போகும். ஆயினும் கண்ணால் கண்டது சந்தேகத்துக்கு ஆதாரமேயன்றி நிரூபணமாகாது. குமிழ்த் திசுவில் பிசிஆர் முறையால் ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடுவதும், கருவின் மூளையைச் சீவி நுண்நோக்கியில் அழிவுப் புள்ளிகளைக் காண்பதும் சேர்ந்தால்தான் முடிவு உறுதிப்படும்.

தாயின் ரத்தத்தில் இவ்வொட்டுண்ணிக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்பட்டால் சிதைவுக்குக் காரணம் அந்த ஒட்டுண்ணியே என்பது படித்தவர்களிடமும் உள்ள அபிப்பிராயம். ஆனால் என்றோ தொற்றிய டாக்ஸோபிளாஸ்மாவுக்கான எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் நிலைத்திருக்குமாதலால், சுகமாக ஈன்ற ஆட்டிலும் அது கிடைக்கும். தாயிடம் அது அறவே இல்லாதிருப்பதுதான், ஒட்டுண்ணியை ஏறக்குறைய விலக்கிவிட உதவுகிற செய்தி. கருவின் நெஞ்சறைத் திரவத்தில் அது காணப்படுவதோ முற்றிலும் வேறு விஷயம். செம்மறியின் நஞ்சுக்கொடி தாயின் எதிர்ப்பொருளை உள்ளே விடுவதில்லை. குட்டிக்கு அது சீம்பாலின் வழியாகவே கிட்டுகிறது. ஆகவே சீம்பால் அறியாத கருவிடம் இருப்பது அதன் சொந்த உற்பத்தி. தொற்று கருவை எட்டிற்று என்பதற்கு அதுவே சாட்சி. கர்ப்பத்தின் முற்பகுதியில் மடிந்த இளங்கரு எதிர்ப்பொருளை உண்டாக்கும் பக்குவம் பெற்றிராதாகையால், அங்கே அது இல்லாமையைக் கொண்டு ஒட்டுண்ணி இல்லை எனத் தீர்ப்பளிக்கலாகாது.

குட்டி வீசிய ஆட்டை உடனே விற்றுவிட வேண்டும் என்பது இன்னொரு அவசர முடிவு. டாக்ஸோபிளாஸ்மாதான் காரணமென்று உறுதிப்பட்டால், அந்த ஆடு பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டதென்று கொள்ளலாம். விற்பவர் நஷ்டப்படுவதே மிச்சம். ஆட்டுக்கு இத்தொற்று முக்கியமாக வருவது, முதன்முறை தொற்றுற்ற பூனைக்குட்டியின் மலத்தால் அசுத்தப்பட்ட தீவனத்திலிருந்தும் நீரிலிருந்தும். நாயைத் தன் இறுதி விருந்தோம்பியாகக் கொண்ட நியோஸ்போரா என்ற மற்றோர் ஒட்டுண்ணியும் செம்மறியின் கருவைச் சிதைக்க வல்லதாதலால், விழுந்ததை நாய்க்குப் போடும் வழக்கத்தை இன்றே நிறுத்துவது நலம்.

இனி உங்கள் பட்டியில் குட்டி வீசினால், கையுறை அணிந்து, குமிழ்களோடு கூடிய நஞ்சுக்கொடியையும் முழுக் கருவையும் கசியாத பைகளில் இட்டு, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றே கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். தாயின் ரத்தமும் உடன் செல்லட்டும். கர்ப்பிணிப் பெண்கள் இவற்றின் அருகே வருதல் கூடாது.