கவனிப்பவருக்கும் காயம் உண்டு

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26. குஜராத் மாநிலம் கட்ச் பகுதியில் பூமி அதிர்ந்தது. பல ஆயிரம் பேர் இறந்தார்கள். பலர் ஊனமுற்றார்கள்.

அங்கே ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கணவருக்கு முதுகெலும்பு முறிந்துவிட்டது. மனைவி அவரைக் கவனிக்கிறாள். ஆனால், இடிபாட்டில் சிக்கியவள் அவளும்தான். லாரி சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. இரவில் தூக்கம் இல்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறாள். "அம்மாவுக்கு நம்மைப் பிடிக்கவில்லை" என்று பிள்ளைகள் அழுகிறார்கள்.

இது பேய் அல்ல. பைத்தியமும் அல்ல. அதிர்ச்சியால் மனதில் பட்ட காயம். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் சிகிச்சை தேவை.

குடும்பங்கள் கூடிப் பேசுவதும் உதவும். சில குடும்பங்கள் ஒன்றாக உட்காரும். மனநல ஆலோசகர் உடன் இருப்பார். யாரையும் பேசும்படி கட்டாயப்படுத்த மாட்டார். அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது. "எனக்கும் இப்படித்தான்" என்பாள் ஒருத்தி. கேட்டவளுக்குப் பாரம் குறையும். அம்மாவின் கோபத்துக்குக் காரணம் பிள்ளைகளுக்குப் புரியும். வீட்டு வேலையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

உதவி வேண்டுமா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது 2022-இல் அரசு தொடங்கிய இலவச சேவை. தமிழிலும் பேசலாம்.

பேசுவோம்: உங்கள் தெருவில் நோயாளியைக் கவனிப்பவர் யார்? அவரை யார் கவனிக்கிறார்கள்?